சும்மா இருக்கச் சொல்லவில்லை

நான் ஊரூர் குப்பத்தில் மீன் ஆய்ந்து கொடுக்கிறவள். விற்கிறவள் வேறு, ஆய்கிறவள் வேறு. பக்கத்தில் வாங்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். செதில் உரசி, குடல் எடுத்து, கேட்ட அளவுக்குத் துண்டு போட்டுக் கொடுப்பேன். அருவாமணை முன்னால் குந்தி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

போன வருஷம் கழுத்தில் இடது பக்கம் நெறி கட்டியது. வலிக்கவில்லை. வலிக்காததால் விட்டுவிட்டேன். மூன்று மாதத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தது. அக்குளிலும் ஒன்று வந்தது. கழுத்தில் கொஞ்சம் வெட்டி எடுத்துப் பரிசோதித்துவிட்டு, கேன்சர் என்றார்கள். நெறிக்கட்டிலேயே வருகிற வகை. மருந்துக்குக் கேட்கும் என்றும் சொன்னார்கள்.

தேனாம்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் எழுதப் போவதில்லை. அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. மருந்து தொடங்கும் முன்னால் ஒரு தடவை, இரண்டு தடவை மருந்து ஏற்றியதும் இன்னொரு தடவை உடம்பு முழுக்கப் படம் எடுப்பார்கள். மருந்துக்குக் கட்டி கேட்டிருந்தால் அதே மருந்து தொடரும். கேட்கவில்லை என்றால் உடனே புது மருந்துக்கு மாற்றுவார்கள். அந்தப் புது மருந்து வெளியே எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்காது. ஆராய்ச்சியில் இருந்தால்தான் கிடைக்கும். படம் சரியாக வரவில்லை என்றால் ஆராய்ச்சியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

இதை எனக்கு விளக்கியது ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிற பெண். இருபத்தைந்து வயசு இருக்கும். கையில் எப்போதும் ஒரு ஃபைல். வாய் நிறைய அம்மா, அம்மா என்று கூப்பிடும். நல்ல பெண். கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

முதல் நாள் அது தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டது.

“வாக்கிங் போவீங்களாம்மா?”

“இல்ல.”

“ஜிம்?”

“இன்னாது?”

“அதாம்மா, வெயிட் தூக்குறது, சைக்கிள் மிதிக்கிறது.”

“நம்மளுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? பீச்சுல ஷூ போட்டுகினு ஓடுதுங்களே, அதுங்க பண்ணும்.”

“ஸ்விம்மிங்?”

“கடலு பக்கத்துலதான் கீது. எறங்கினதே இல்ல.”

அது சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் போட்டது. அப்புறம் இன்னொரு கட்டத்தில் ஏதோ எழுதியது. அதை என்னிடம் கேட்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னது. ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். போட்டேன்.

படம் எடுக்கிற இடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். ஏசி குளிரில் பல் கிட்டும். ஊசி போடுகிறவர் தெற்கத்தி ஆள். கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு சின்ன ஈயப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சின்னப் பெட்டிதான். ஆனால் தோள் சாய்ந்தது. ஊசிக்கே தனியாகக் கனமான உறை போட்டிருந்தது. உள்ளே என்ன என்று கேட்டேன்.

“சர்க்கரைதான்க்கா. அதுல கதிர் வீசுற பொருள் ஒண்ண ஒட்டி வச்சிருக்கு. உடம்புல எதுக்குப் பசி ஜாஸ்தியோ அது சர்க்கரைய இழுத்துக்கும். கேன்சருக்குப் பசி ரொம்ப ஜாஸ்தி. சர்க்கரை போயி உக்காந்த இடத்துல இருந்து கதிர் வரும். மெஷின் அதப் பாத்துப் படம் போடும்.”

“எலிக்கு வட வெக்கிற மாதிரி.”

“எலி எங்க இருக்குன்னுதான் காட்டும். பிடிச்சுத் தராது.”

அந்த மருந்தைத் தினமும் காலையில்தான் செய்து வண்டியில் அனுப்புவார்களாம். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதி வீரியம் போய்விடுமாம். சாயங்காலம் பெட்டியைத் திறந்தால் ஒன்றுக்கும் உதவாதாம். எனக்கு அது உடனே புரிந்தது. ஐஸ் இல்லாத நெத்திலி.

ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் தனி அறையில் படுக்க வேண்டும். அசையக் கூடாது. பேசக் கூடாது. வெற்றிலை போடக் கூடாது. மெல்லுகிற தாடையும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம். தாடை வரைக்கும் யோசித்துச் சொன்னார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுத்துவிட்டு, சாயங்காலம் வரை பிள்ளைத்தாச்சி பக்கத்தில் போக வேண்டாம், தனி ரூமில் இருங்கள் என்றது அந்தப் பெண். என் வீடே ஒரு ரூம். மருமகளுக்கு ஏழு மாதம். நான் படகுகளுக்குப் பின்னால் மணலில் போய் உட்கார்ந்துகொண்டேன். என் பக்கத்தில் மீன் விற்கிறவள் சோறு கொண்டுவந்து பத்தடி தள்ளி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். இருபது வருஷப் பழக்கம்.

“யக்கா, இருட்டினா பல்பு மாதிரி எரிவியா நீ?”

“கிட்ட வா, காட்றேன்.”

“வேணாம் தாயி. நீயே எரி. எனக்குக் கரண்டு பில்லு மிச்சம்.”

அந்த முதல் படம் தெளிவாக வந்தது. கழுத்தில் தையல் இருந்ததால் ஒரு வாரமாக நான் அருவாமணையைத் தொடவில்லை. அதனால்தான் தெளிவாக வந்தது என்று அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இரண்டு தடவை மருந்து ஏறியது. முடி போனது. தலையில் துணி கட்டிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் நான்கு நாள் படுப்பேன், ஐந்தாம் நாள் எழுந்து வேலைக்குப் போவேன். மகன் படகில் கூலிக்குப் போகிறவன். காற்று அடித்தால் படகு இறங்காது. நான் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது.

இரண்டாவது படம் ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் அந்தப் பெண் போன் செய்தது. “நைட்டு சாப்பாட்டுக்கு அப்புறம் வெறும் தண்ணி மட்டும்மா. டீ கூட வேணாம். எக்சர்சைஸ் எதுவும் கூடாது.” சரி என்றேன். அன்று ஞாயிறு. குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன என்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையிலிருந்து மத்தியானம் வரை நிமிரவில்லை. திங்கள் காலை கரைக்கு வந்த படகில் கானாங்கத்தை மீன் கொட்டிக் கிடந்தது. அடையாற்றில் மெஸ் வைத்திருப்பவர் முப்பது கிலோ ஆய்ந்து கேட்டார். ஆறு மணிக்கு உட்கார்ந்தேன், ஒன்பது மணிக்கு முடித்தேன். பச்சைத் தண்ணீர் தவிர வாயில் எதுவும் படவில்லை. குளித்துவிட்டு பஸ் ஏறினேன். மெட்ரோ வேலைக்காக ரோட்டைப் பாதி அடைத்திருந்தார்கள். தேனாம்பேட்டை வரை நின்றுகொண்டே போனேன். பதினோரு மணிக்கு ஊசி. சொன்னபடி அசையாமல் படுத்தேன்.

மறுநாள் கூப்பிட்டார்கள்.

டாக்டர் அறை. ஆராய்ச்சிக்கு அவர்தான் தலைவர். அந்தப் பெண்ணும் ஊசி போடுகிறவரும் நின்றிருந்தார்கள். திரையில் என் உடம்பு இரண்டு தடவை இருந்தது. பழைய படத்தில் கழுத்தும் அக்குளும் கறுத்திருந்தன. புதுப் படத்தில் கழுத்துச் சதை, இரண்டு தோள், இரண்டு கை, இரண்டு தொடை எல்லாம் கறுப்பு.

“பரவிட்சா?” என்றேன்.

“இது நோய் இல்லம்மா. சதை. வேலை செஞ்ச சதை சர்க்கரைய இழுத்துக்கும். மருந்து பூரா கையிலயும் தொடையிலயும் போய் உக்காந்துருச்சு. கழுத்துல கட்டி இருக்கா போச்சான்னே தெரியல. படத்துக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல. வேலைக்குப் போனேன்.”

“என்ன வேலை?”

“மீன் ஆயறது.”

டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அது என்னைப் பார்த்தது.

“எக்சர்சைஸ் கூடாதுன்னு போன்ல சொன்னேனேம்மா?”

“நான் எங்க எக்சர்சைஸ் பண்ணேன்? மீன் ஆய்ஞ்சேன்.”

“எவ்ளோ?”

“முப்பது கிலோ. திங்கக்கெழம, அதான் கம்மி.”

ஊசி போடுகிறவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் முகம் சிவந்தது.

“இந்த மருந்து ஏறும்போது ஒரு மீன் முள்ளு குத்தினா போதும். ரத்தத்துல எதிர்ப்பே இருக்காது. செத்துப் போயிருப்பீங்க. தெரியுமா?”

“யாரும் சொல்லல.”

“இதெல்லாமா சொல்லணும்?”

அந்தக் கேள்வியில்தான் எனக்குள் ஏதோ கழன்றது. அந்தப் பெண் ஒரு தாளை நீட்டியது. “ஒரு கையெழுத்தும்மா. ஆராய்ச்சியில இருந்து பேர எடுக்கிறதுக்கு. சும்மா ஃபார்மாலிட்டி.”

தாள் இங்கிலீஷில் இருந்தது. ஊசி போடுகிறவரிடம் கொடுத்தேன். “படி நைனா,” என்றேன். அவர் டாக்டரைப் பார்த்தார். பிறகு படித்தார். நோயாளி அறிவுரையைப் பின்பற்றாததால் படம் பயன்படவில்லை. அதுதான் வாசகம்.

“எத பின்பத்தல?” என்றேன். “துன்னாதன்ன, துன்னல. டீ குடிக்காதன்ன, குடிக்கல. வாய மூடுன்ன, ஒரு மணி நேரம் பொணம் மாதிரி கெடந்தேன். வெத்தலயத் தொடல. சும்மா இருன்னு நீ எப்போ சொன்ன? நாள சொல்லு.”

“இல்லம்மா, நீங்க வீட்லதான் இருப்பீங்கன்னு நெனச்சு…”

அதன் கையிலிருந்த ஃபைலைப் பிடுங்கினேன். நான் கையெழுத்துப் போட்ட தாள் மேலேயே இருந்தது. தமிழ்த் தாள். என் பெயர். வயசு. தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி.

“யாரக் கேட்டு எழுதின?”

அது ஃபைலைத் திரும்ப வாங்கக் கை நீட்டியது. நான் என் கையை நீட்டினேன்.

“ரெண்டு மாசமா இந்தக் கையிலதானே நரம்பு தேடித் தேடிக் குத்துறீங்க? பாரு. கெளுத்தி குத்தின தழும்பு. இது இறா கிழிச்சது. மீன் வாட போறதுக்கு எலுமிச்சம்பயம் தேச்சிகினு வரேன், தெரியுமா உனக்கு? ஒருத்தருக்குக் கூடவா தோணல, இந்தக் கை இன்னா பண்ணுதுன்னு கேக்க?”

“சத்தம் போடாதீங்கம்மா,” என்றார் டாக்டர்.

நான் சத்தம் போடவில்லை. என் குரல் அதுதான். அலைக்குப் பக்கத்தில் பேசிப் பழகிய குரல்.

“ஜிம்முக்குப் போறியான்னு கேட்டுது. நீந்துவியான்னு கேட்டுது. சோத்துக்கு இன்னா பண்றன்னு கேக்கல. அத அடி. மீன் ஆயறவளுன்னு எழுது. இந்தத் தாள்ல நாங்க கேக்கலன்னு எழுது. அப்பால நான் கையெழுத்து போடறேன்.”

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. இல்லத்தரசி என்பதை அடித்துவிட்டு மீன் ஆய்பவர் என்று எழுதியது. மற்றதை எழுதவில்லை. டாக்டரும் எழுதச் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. தாள் மேஜை மேலேயே கிடந்தது.

டாக்டர் குரலை இறக்கினார். “நான் என்னம்மா பண்றது? வெள்ளிக்கிழமைக்குள்ள படம் வேணும். அதுதான் ஆராய்ச்சி விதி. ஊசி மருந்து ஆளுக்கு இவ்வளவுன்னு முன்னாடி நாளே கணக்குச் சொல்லித்தான் வரும். இந்த வாரம் பூரா ஆள் நிரம்பிடுச்சு.”

எழுந்து வெளியே வந்துவிட்டேன். படிக்கட்டு வரை போனேன். பெயர் போனால் புது மருந்து இல்லை. பழைய மருந்து கேட்டதா என்று யாருக்கும் தெரியாது. தெரியாமலே ஏற்றிக்கொண்டிருப்பார்கள். படிக்கட்டிலேயே உட்கார்ந்தேன். ஊசி போடுகிறவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவரிடம் கேட்டேன்.

“வரேன்னு சொன்னவன் வரலன்னா அவன் மருந்து இன்னா ஆவும்?”

“வீணாத்தான்க்கா போகும்.”

“அப்டி ஆவுமா?”

“வராம யாரும் இருக்க மாட்டாங்க. ஆனா சுகர் ஏறியிருந்தா ஊசி போட முடியாது. திருப்பி அனுப்பிருவோம். சில வாரம் நடக்கும், சில வாரம் நடக்காது.”

திரும்ப டாக்டர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

“மிஞ்சினா எனக்குப் போடு. நான் வாசல்ல குந்திகினு இருக்கேன்.”

“அப்படி ஒரு வழக்கம் இல்லம்மா இங்க.”

“எங்ககிட்ட கீது. பன்னெண்டு மணிக்கு மேல மிஞ்சுற மீனுக்குன்னே கூடையோட ரெண்டு பேரு நிப்பாளுங்க. நாங்க தொரத்த மாட்டோம். மீனு நாறிப் போறதுக்கு யாரு சட்டியிலயாவது கொதிக்கட்டும்னு குடுத்துருவோம். உன் சரக்கும் சாயங்காலம் தாங்காது இல்ல?”

“மூணு நாளும் சாப்பிடாம வரணும்,” என்றார்.

“தெரியும்.”

“வேலையும்…”

“அதுவும் இப்ப தெரியும்.”

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் படம் எடுக்கிற இடத்து வாசலுக்குப் போனேன். பட்டினி எனக்குப் பெரிசு இல்லை. சும்மா உட்காருவதுதான் பெரிசு. கையை மடியில் வைத்தேன். அது என்னுடைய கை மாதிரியே இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் என்னை வாயில் காப்பவள் என்று நினைத்து லிஃப்ட் எங்கே என்று கேட்டார்கள். சொன்னேன். ஒரு மணிக்கு ஊசி போடுகிறவர் வெளியே வந்து கையை விரித்தார். பஸ் ஏறினேன்.

வியாழனும் அப்படியே. அன்று என் பக்கத்தில் மீன் விற்கிறவள் போன் செய்தாள். என் இடத்தில் அவள்தான் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“யக்கா, உன் கஸ்டமரு ஒருத்தி திட்றா. துண்டு கோணலா கீதாம்.”

“நேராப் போடேன்.”

“நேராப் போட்டா நீ வந்தப்புறம் உன்கிட்ட வர மாட்டாளுங்களே. உனக்காகத்தான் கோணலாப் போடறேன்.”

சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது.

வெள்ளிக்கிழமை. கடைசி நாள். பத்தரை மணிக்கு உள்ளே பேச்சுக் குரல் உயர்ந்தது. கதவு திறந்திருந்தது. தி. நகரில் கடை வைத்திருக்கிற பெரியவர் ஒருவரும் அவர் மகளும். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்திருக்கிறார்கள். எகிறியிருந்தது.

“காலைல ஒரு வாய் காப்பிதான் குடிச்சாங்க,” என்றாள் மகள்.

“அதுவும் சீனி கம்மி,” என்றார் பெரியவர்.

“இன்னிக்கு போட முடியாதுங்கய்யா.”

“மத்தியானம் எறங்கிரும். அதுவரைக்கும் அந்த மருந்த ஃப்ரிட்ஜ்ல எடுத்து வைங்க,” என்றாள் மகள்.

“வெக்கிற சரக்கு இல்லம்மா அது,” என்றேன் வாசலில் இருந்து. “ஐஸ்ல போட்டாலும் நிக்காது.”

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீங்க யாரும்மா?” என்றார் பெரியவர்.

“மிஞ்சினா எனக்கு.”

அவர் ஊசி போடுகிறவரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். பெரியவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். “அப்ப போட்டுக்கிடுங்க. எனக்கு அடுத்த வாரம் பாப்போம்,” என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். எனக்கு அதுவும் எரிந்தது. அவருக்கும் நோய்தான். அவருக்கு வந்ததை எடுத்து நான் போட்டுக்கொள்ளும்படி ஆனது யாரால்? ஒரு தாளில் ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருந்தால் அவர் பாட்டுக்கு அவர், என் பாட்டுக்கு நான்.

அந்தப் பெண் மாடியிலிருந்து ஓடி வந்தது. கையில் ஃபைல் இல்லை. டாக்டரிடம் சம்மதம் வாங்கியாயிற்று என்று மூச்சு வாங்கச் சொன்னது. “சீக்கிரம்மா, நேரம் போகப் போக வீரியம் கொறையும்.” எனக்கே பாடம். ஊசி போடுகிறவர் என் விரலில் குத்திப் பார்த்தார். எண்பத்தெட்டு. கதவைச் சாத்தினார். ஒரு மணி நேரம் கண்ணைக் கூட அதிகம் சிமிட்டவில்லை.

மறுநாள் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கை இரண்டும் வெளுத்திருந்தன. தோளும் தொடையும் வெளுத்திருந்தன. கழுத்தில் ஒன்றும் இல்லை. அக்குளில் ஒரு பொட்டு இருந்தது. மிளகு அளவு.

“கழுத்துல கேட்டிருக்கு. அக்குள்ல கேக்கல,” என்றார். “பழைய மருந்து போதாது. திங்கட்கிழமையில இருந்து புது மருந்து. நல்ல வேளை, திரும்ப எடுத்தோம். அந்தப் படத்துல இந்தப் பொட்டு தெரிஞ்சிருக்காது.”

“எடுத்தோமா?” என்றேன். “கையெழுத்து கேட்டீங்க. நான் போட்டுட்டுப் போயிருந்தா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் தரையைப் பார்த்தது.

“புது மருந்து ஓடுற வரைக்கும் மீன் தொடக் கூடாதும்மா,” என்றார் கடைசியில். “நாலு மாசம். கண்டிப்பா.”

நான்கு மாதம். மருமகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். மேஜை மேல் இருந்த பேனாவை அவர் பக்கம் தள்ளினேன்.

“எழுதிக் குடு. தமிழ்ல. இன்னா இன்னா செய்யக் கூடாது, எத்தினி நாளு, ஒவ்வொண்ணா.”

“எல்லாத்தையுமா?”

“தண்ணி கொடம் தூக்கலாமா, தூக்கக் கூடாதா. துணி அடிச்சித் தோய்க்கலாமா. பெருக்கலாமா. பொறக்கப் போற கொயந்தயத் தூக்கலாமா. எதாச்சும் விட்டுட்டு அப்பால என்னைக் கேக்காத.”

அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார். வெளியே அடுத்த ஆள் இருமிக்கொண்டிருந்தார். நான் அவசரப்படவில்லை. எழுத்துக் கூட்டி முதலிலிருந்து முடிய படித்துவிட்டுத்தான் எழுந்தேன்.